ஏழு கிலோ ஸ்டைல்!



ஏர்போர்ட்ல ஒரு காட்சி பார்த்திருப்பீங்க. நேர்ல பார்க்கலைன்னாலும் சினிமாவுல கட்டாயம் பார்த்திருப்பீங்க. ஒரே கூட்டம், தள்ளுமுள்ளு... சட்டுனு வழி விடுறாங்க. ஒரே மாதிரி யூனிஃபார்ம்ல ஏழெட்டுப் பேர் டக்... டக்...னு நடந்து வர்றாங்க. ஒரு முடிகூட கலையலை. நாம எல்லாரும் முகத்தைத்தான் பார்ப்போம் (பொய் சொல்லாதீங்க பாஸ்!). அடுத்த தடவை கொஞ்சம் கீழே பாருங்க. அவங்க இழுத்துட்டு வர்ற பெட்டியைப் பாருங்க. மூணு நாலு நாளைக்குத் தேவையான அத்தனையும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள அடக்கம். நம்ம வீட்டுல ஒரே நாள் திருப்பதி போயிட்டு வர்றதுக்கு மூணு பை, ஒரு கூடை, ஒரு தண்ணி கேன்!

இந்தப் பெட்டிக்கே ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு. மனுஷன் நிலாவுல கால் வெச்சது 1969. பெட்டிக்குச் சக்கரம் வைக்கலாம்னு பெர்னார்ட் சேடோ என்ற அமெரிக்கருக்குத் தோணினது 1970. ஆமாங்க, நிலாவுக்குப் போயிட்டு வந்த பிறகுதான்! குடும்பத்தோட டூர் முடிச்சுட்டு ரெண்டு கனமான சூட்கேஸைத் தூக்கிட்டு கஸ்டம்ஸ்ல நின்னவர், ஒரு தொழிலாளி பெரிய மெஷினைச் சக்கரப் பலகையில அலட்டிக்காம தள்ளிட்டுப் போறதைப் பார்த்தார். 1972-ல் பேட்டன்ட் வாங்கிட்டார். ஆனா, கடைக்காரங்க முதல்ல சீந்தலை. ‘ஆம்பளைன்னா பெட்டியைத் தூக்கத்தான் செய்வான்’னு நினைப்பு!

சேடோவோட பெட்டி படுத்த வாக்குல, நாலு சக்கரத்துல, ஒரு வாரைப் பிடிச்சு இழுக்கிற டைப். வளைவுல திரும்பினா ஆடும். அதை நிமிர்த்தி வெச்சு, ரெண்டே சக்கரம், உள்ளே போய் வெளியே வர்ற கைப்பிடின்னு மாத்தினவர் ராபர்ட் பிளாத். இவர் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் பைலட். வருஷம் 1987. முதல்ல வாங்கினது யாரு? கூட வேலை பார்த்த பைலட்டுகளும் ஏர்ஹோஸ்டஸ்களும்தான். அவங்க ஸ்டைலா இழுத்துட்டுப் போறதைப் பார்த்த பயணிகள், ‘எங்களுக்கும் வேணும்’னு கேட்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு நீங்க ஹாஸ்டலுக்கு இழுத்துட்டுப் போற டிராலி பேக்கோட தாத்தா அதுதான்.

இப்ப மேட்டருக்கு வருவோம். செமஸ்டர் லீவுல சிங்கப்பூர்ல இருக்கிற சித்தப்பா டிக்கெட் போட்டுக் கொடுத்தார். ஹேண்ட் லக்கேஜ் மட்டும்தான். ஏழு கிலோ! எங்க தெருவுல ஒரு அக்கா விமானத்துல கேபின் க்ரூவா இருக்காங்க. லீவுல வந்திருந்தவங்ககிட்ட, ‘‘ஏழு கிலோவுல பத்து நாள் எப்படிக்கா?’’னு கேட்டேன். ‘‘பையை எடுத்துட்டு வா தம்பி’’ன்னாங்க. அரை மணி நேரம் லைவ் டெமோ!

டிரஸ்ஸை மடிக்காதீங்க, பாய் மாதிரி சுருட்டுங்க. இடம் மிச்சம், மடிப்புக் கோடும் கம்மி. பேன்ட் எல்லாம் ஒரே கலர் குடும்பமா இருக்கணும், அப்பத்தான் எந்தச் சட்டையும் எதுக்கும் சேரும். ஷூவுக்குள்ள சாக்ஸைத் திணிங்க. அந்த ஷூவை ஹோட்டல்ல தர்ற குளியல் தொப்பிக்குள்ள போடுங்க, துணியில அழுக்கு ஒட்டாது. ரூம்ல திரை சரியா மூடாம நடுவுல வெயில் அடிச்சா, அலமாரியில இருக்கிற கிளிப் ஹேங்கரை எடுத்துக் கவ்வ விடுங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்: பாஸ்போர்ட்டை லாக்கர்ல வெச்சுப் பூட்டும்போது கூடவே ஒரு கால் ஷூவையும் வெச்சுடணுமாம். ஒத்தக் கால் செருப்போட எவனும் ஏர்போர்ட் கிளம்ப மாட்டான் இல்ல!

கருவிகள்னு பார்த்தா அக்காவோட லிஸ்ட் ரொம்பச் சின்னது. தொங்கவிட்டு எடை பார்க்கிற குட்டி டிஜிட்டல் தராசு. சில நூறு ரூபாய்தான். அப்புறம் ஜிப் வெச்ச பிளாஸ்டிக் கவர், நாலஞ்சு சேஃப்டி பின், லிப் பாம், பவர் பேங்க், பிளக் அடாப்டர். அவ்வளவுதான். கழுத்துத் தலையணை? ‘‘வேணாம் தம்பி, அதையும் சேர்த்துத் தூக்கிட்டு அலையணும்’’னு சொல்லிட்டாங்க.

பவர் பேங்க் விஷயத்துல நம்ம எஞ்சினீயரிங் மூளைக்குக் கொஞ்சம் வேலை. அதை செக்-இன் பெட்டியில போடவே கூடாது, கையிலதான் வெச்சுக்கணும். 100 வாட்-ஹவர் வரைக்கும் தனியா அனுமதி தேவையில்லை. பெட்டியில போட்டிருக்கிற மில்லி ஆம்பியர் கணக்கை 1,000-ஆல வகுத்து 3.7-ஆல பெருக்குங்க. 20,000-ன்னா 74 வாட்-ஹவர். பாஸ்! சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்ல 2025 ஏப்ரல் 1-ல இருந்து விமானத்துக்குள்ள பவர் பேங்க்ல சார்ஜ் போடவே தடை. லித்தியம் பேட்டரி தலைக்கு மேல பெட்டி வைக்கிற இடத்துல புகைய ஆரம்பிச்சா, அதை அணைக்க ஓடி வர்றது அந்த டக்... டக்... ஆட்கள்தான்.

திரிசூலம் ஸ்டேஷன்ல கடைசி ரயிலை விட்டு இறங்கி, சுரங்கப்பாதை வழியா வெளியே வந்தா எதிர்ல மீனம்பாக்கம் ஏர்போர்ட். இந்த ஊருக்கும் விமானத்துக்கும் பழைய சொந்தம். 1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் இருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்த தபால் விமானத்தை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியா மெட்ராஸ் வரை கொண்டு வந்தார். அப்போ கேபின் க்ரூவும் இல்லை, காபியும் இல்லை. இப்ப 2023-ல் திறந்த புது டெர்மினல் கோலம் டிசைன்ல பளபளன்னு இருக்கு. அந்தப் பளபள தரையில எனக்கு முன்னாடி ஒரு குடும்பம் சூட்கேஸைப் பிரிச்சுப் போட்டு, முறுக்கு டின்னை அப்பா பெட்டியில இருந்து மருமக பெட்டிக்கு மாத்திட்டு இருந்தாங்க. பாட்டி மட்டும் ஊறுகாய் ஜாடியை இடுப்புல இருந்து இறக்கவே இல்லை. திரவம், எண்ணெய், ஜெல் எதுவா இருந்தாலும் ஹேண்ட் லக்கேஜ்ல ஒரு பாட்டில் 100 மில்லிதான். 2006-ல் லண்டன்ல திரவ வெடிபொருள் சதி பிடிபட்ட பிறகு உலகம் முழுக்கப் பரவின விதி இது. பாட்டிக்கு லண்டனைப் பத்தி யார் சொல்றது?

விடியறதுக்கு முன்னால ஃப்ளைட். என் சீட், க்ரூ உட்காருற மடக்கு சீட்டுக்கு நேர் எதிரே. கிளம்புற நேரத்துல விளக்கை அணைச்சாங்க. தூங்கறதுக்கு இல்லீங்க! ஏதாவது ஆகி இருட்டுல வெளியே ஓட வேண்டி வந்தா, கண்ணு இருட்டுக்குப் பழகியிருக்கணும்னு. ஜன்னல் மூடியைத் திறக்கச் சொல்றதும் வெளியே நெருப்பு இருக்கான்னு பார்க்கத்தான். எதிர்ல அந்த ஏர்ஹோஸ்டஸ் முதுகை ஒட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கேயோ பார்த்துட்டு இருந்தாங்க. கனவு காணலை. அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தாங்க, அதுக்குப் பேர் ‘சைலன்ட் ரிவ்யூ’. என் கதவு எது, எப்படித் திறக்கணும், என்ன கத்தணும், யாரு முதல்ல உதவுவாங்கன்னு ஒவ்வொரு டேக்-ஆஃப்லயும் லேண்டிங்லயும் மனசுக்குள்ள ஓட்டிப் பார்க்கணும். கிளம்பி முதல் 3 நிமிஷம், இறங்க 8 நிமிஷம். இந்தப் பதினொண்ணுல அவங்க உங்களைப் பார்த்துச் சிரிக்கலைன்னா கோச்சுக்காதீங்க.

50 சீட்டுக்கு ஒருத்தர்னு க்ரூ இருக்கணும்னு கணக்கு. ஜூஸ் ஊத்தறதுக்காக வந்த கணக்கு இல்லை அது. பாதிக் கதவை மட்டும் வெச்சுக்கிட்டு மொத்த விமானமும் 90 விநாடியில காலியாகணும்ங்கிறதும் விதி. ஏ380 விமானத்தை 2006-ல் ஹம்பர்க்ல சோதிச்சப்போ 873 பேர் 78 விநாடியில வெளியே வந்தாங்க. நம்ம காலேஜ் பஸ்ல 60 பேர் இறங்கற நேரத்தை ஒருநாள் ஸ்டாப் வாட்ச்ல பாருங்க!

இந்த வேலைக்குப் பெண்களைக் கொண்டு வந்ததே ஒரு நர்ஸ்தான். எல்லன் சர்ச் விமானம் ஓட்டத் தெரிஞ்சவங்க. பைலட் வேலை கேட்டாங்க, கிடைக்கலை. ‘சரி, நர்ஸ்களையாவது ஏத்துங்க, பயணிகளோட பயம் போகும்’னு சொல்லி 1930 மே 15-ல் அமெரிக்காவுல முதல் ஸ்டூவர்டஸ் ஆனாங்க. நிபந்தனையைக் கேளுங்க: 25 வயசுக்குள்ள, கல்யாணம் ஆகக் கூடாது, எடை 115 பவுண்டைத் தாண்டக் கூடாது. அதாவது 52 கிலோ. நம்ம நாட்டுலயும் கதை ரொம்ப மாறலை. முதல் தடவை கர்ப்பமானாலே வேலை போயிடும்னு ஏர் இந்தியாவுல ஒரு விதி இருந்தது. நர்கீஸ் மீர்சா வழக்குல 1981-ல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணுச்சு. ஆனா, சேர்ந்த 4 வருஷத்துக்குள்ள கல்யாணம் கூடாதுங்கிற விதியை அதே தீர்ப்புல விட்டுவெச்சாங்க. யூனிஃபார்ம் பளிச்சுனு இருக்கறதுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு.

நீரஜா பனோட் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1986 செப்டம்பர் 5, கராச்சி. பான் ஆம் விமானத்தைக் கடத்தல்காரங்க பிடிச்சதும் பைலட்டுகளுக்குத் தகவல் கொடுத்து அவங்க தப்பிக்க வழி பண்ணினாங்க. அமெரிக்கர்களோட பாஸ்போர்ட்டை க்ரூ ஒளிச்சு வெச்சாங்க. சுமார் 17 மணி நேரம். கடைசியில துப்பாக்கி வெடிச்சப்போ கதவைத் திறந்துவிட்டு மத்தவங்களை இறக்கினாங்க. தான் இறங்கலை. இன்னும் ரெண்டு நாள்ல 23-வது பிறந்த நாள். அசோக சக்ரா விருது வாங்கினப்போ அவங்க இல்லை. எனக்கு இப்போ 20 வயசுங்க. மூணே வருஷம்தான் வித்தியாசம். அந்த மடக்கு சீட்டைப் பார்த்துட்டே இதை நினைச்சா, கையில இருந்த சாண்ட்விச் இறங்க மாட்டேங்குது.

2024 ஜனவரி 2. டோக்கியோ ஹனேடா ஏர்போர்ட்ல இறங்கின ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350, ரன்வேயில நின்ன கடலோரக் காவல் படை விமானத்துல மோதித் தீப்பிடிச்சது. காவல் படை விமானத்துல இருந்த 6 பேர்ல 5 பேர் இறந்துட்டாங்க. பெரிய விமானத்துல இருந்த 379 பேரும் பிழைச்சாங்க. உள்ளே ஸ்பீக்கர் வேலை செய்யலை. க்ரூ மெகாபோன்லயும் வாயாலயும் கத்தினாங்க. 8 கதவுல 3 கதவைத்தான் பயன்படுத்த முடிஞ்சது. ரொம்பப் பேர் பெட்டியைத் தொடலை. லேப்டாப், காசு, ஊர்ல இருந்து கொண்டு வந்த பலகாரம் எல்லாத்தையும் மேலேயே விட்டுட்டுச் சறுக்கி இறங்கினாங்க. அக்கா பேக்கிங் சொல்லிக் கொடுத்து முடிச்சதும் கடைசியா சொன்னதும் இதுதான்: ‘‘பாஸ்போர்ட்டும் போனும் பேன்ட் பாக்கெட்ல இருக்கட்டும். நான் ‘லீவ் எவ்ரிதிங்’னு கத்தினா, இந்த அழகான பையை நீ திரும்பிக்கூட பார்க்கக் கூடாது.’’

வானத்துல இன்னொரு விஷயம் புரிஞ்சது. வாங்கின சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிடுச்சு. உள்ளே இருக்கிற காற்றழுத்தம், 6,000-ல இருந்து 8,000 அடி உயரத்துல இருக்கிற மாதிரி. கிட்டத்தட்ட ஊட்டி! ஆனா ஊட்டியோட ஈரம் மட்டும் மிஸ்ஸிங். ஈரப்பதம் பல நேரம் 20 சதவிகிதத்துக்கும் கீழே போயிடும். உதடு வெடிக்கும். அந்த லிப் பாம் மேக்கப்புக்கு இல்லைன்னு இப்ப தெரியுதா? தண்ணி கேட்டு வாங்கிக் குடிங்க. காலி பாட்டிலைக் கொண்டு போனா செக்யூரிட்டி தாண்டி நிரப்பிக்கலாம்.

நாலு மணி நேரத்துல சாங்கி. வாட்சை ரெண்டரை மணி நேரம் முன்னாடி தள்ளிடுங்க. நுழைவு அட்டையைக் கிளம்பறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல இலவசமா நிரப்பிடலாம், விசா தனி. முதல் டெர்மினல் புறப்பாட்டுக் கூடத்துல ‘கைனெட்டிக் ரெய்ன்’னு ஒண்ணு தொங்குது. 1,216 உலோகத் துளிகள், ஒவ்வொண்ணையும் மோட்டார் ஏத்தி இறக்குது. மெக்கானிக்கல் மக்கள் கழுத்து வலிக்கற வரைக்கும் பார்க்கலாம், நான் பார்த்தேன். பக்கத்துலயே 2019-ல் திறந்த ஜுவல். 40 மீட்டர் உயரத்துல இருந்து கண்ணாடிக் கூரை வழியா கொட்டுற அருவி. குற்றாலம்னு நினைச்சுத் துண்டோட போயிடாதீங்க, குளிக்க முடியாது.

அங்கேயிருந்து ரெண்டாம் டெர்மினலுக்கு நடந்து போனா சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெண்கள் வரிசையா வருவாங்க. அந்த பாத்திக் சாரோங் கெபாயா, பிரெஞ்சு டிசைனர் பியர் பால்மெய்ன் 1968-ல் வடிவமைச்சது. இதுல ஒரு கோட் இருக்கு. நீலம் சாதாரண ஸ்டூவர்டஸ். பச்சை அதுக்கு மேல. சிவப்பு சீஃப். ஊதான்னா மொத்த கேபினுக்கும் பொறுப்பு. நான் நின்ன பத்து நிமிஷத்துல ஒரே ஒரு ஊதாதான் வந்தாங்க. பெட்டி எல்லாருக்கும் ஒரே சைஸ்!

எம்.ஆர்.டி. ரயில் ஏறித் தானா மேராவுல மாறணும். ரயில்ல எச்சரிக்கைப் பலகையைத் தமிழ்ல படிக்கலாம். பிளக் மட்டும் அங்கே மூணு சதுரக் கால். வோல்டேஜ் நம்ம ஊர் மாதிரி 230-தான், அதனால சாதா அடாப்டர் போதும்.

பத்து நாள் முடிஞ்சு கிளம்பற அன்னிக்குச் சித்தி ஒரு பையோட வந்தாங்க. மைலோ, சாக்லேட், நம்ம ஊர்ல யாரு சிங்கப்பூர் போனாலும் கேட்கிற கோடாலித் தைலம் ஒரு டஜன். பாட்டில் சின்னதுதான், 100 மில்லிக்குள்ள வரும். ஆனா எல்லாமே ஒரே லிட்டர் கவர்ல அடங்கணுமே! தராசைத் தொங்கவிட்டேன். 6.8 கிலோ. ‘‘இன்னும் 200 கிராம் இருக்குல்ல?’’ன்னு சித்தி உள்ளே போயி, ஒரு பாக்கெட் முறுக்கோட வந்தாங்க.