நாலாம் நம்பர் கவிதை

அப்பாவின் முதலாமாண்டு நினைவஞ்சலி விளம்பரம் கொடுக்க ஒரு நாளிதழ் அலுவலகத்துக்குப் போயிருந்தேன. அங்கிருந்தவர் ஒரு நோட்டை என் பக்கம் தள்ளினார். அத்தனையும் எண் போட்ட கவிதைகள். "நாலாம் நம்பர் போட்டுக்கலாமா தம்பி? நிறைய பேரு இதான் எடுக்குறாங்க."

நான் அப்போது நவீன கவிதை வாசிக்கிற ஆள். பெயரும் தேதியும் போதும் என்றேன். விளம்பரத்தைப் பார்த்த அம்மா, "நாலு வரி போட்டிருக்கலாமேடா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அது ஞாபகம் வந்தது ட்ரோவ் தளத்தில். ஆஸ்திரேலிய தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை அதில் ஏற்றி வைத்திருக்கிறது. கணினி தப்பாகப் படித்த எழுத்துகளை வாசகர்களே திருத்தலாம். முதல் உலகப் போர்க் காலத்துக் கவிதைகளை இரவுகளில் திருத்திக்கொண்டிருந்தேன்.

1901இலேயே கூட்டாட்சியாகிவிட்ட நாடுதான். ஆனாலும் 1914இல் பிரிட்டன் போரில் இறங்கியதும் ஆஸ்திரேலியாவும் இறங்கியாயிற்று. உடனே சின்ன ஊர்ப் பத்திரிகைகளில்கூடக் கவிதைகள். கொடி, பேரரசு, தாய் அழைக்கிறாள் என்று எல்லாம் ஒரே வார்ப்பு. எதற்கு இத்தனை? கடல் தாண்டிய போருக்குக் கட்டாயப்படுத்தி ஆள் அனுப்ப அங்கே சட்டமில்லை. 1916, 1917 என இரண்டு முறை வாக்கெடுப்பு வைத்தும் மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். பையன்கள் தாங்களாகவே வர வேண்டும். அதனால் கவிதை ஆள்பிடிக்கும் வேலையைப் பார்த்தது.

1915 ஏப்ரல் 25, கலிப்போலித் தரையிறக்கம். அந்தப் போர்முனையில் மட்டும் 8,000க்கும் அதிகமான ஆஸ்திரேலியர்கள் இறந்தார்கள். மறுவருடம் அதே தேதியையொட்டி நினைவஞ்சலிப் பத்திகள் நிரம்பி வழிந்தன. நாலு நாலு வரிகள். பல வீடுகளுக்கு ஒரே வரிகள், பெயர் மட்டும் வேறு. முதலில் சிரிப்புதான் வந்தது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன்: இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவர பிரிட்டிஷ் பேரரசு அனுமதிக்கவில்லை. துருக்கி மண்ணில் கிடக்கும் மகனுக்கு ஒரு தாய் எங்கே போய்ப் பூ வைப்பாள்? அந்தப் பத்திதான் அவளுக்குக் கல்லறை. வரி புதிதாக இருந்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது? ஒப்பாரியில் யாரும் புது உவமை கேட்பதில்லையே.

இரண்டும் தேய்ந்த வரிகள்தான். ஆனால் போகச் சொன்ன கவிதைக்கு ஆசிரியர் இடம் கொடுத்தார். போனவனுக்கான நாலு வரிக்கு வீட்டார் காசு கட்டினார்கள்.

அடுத்த மாதம் அப்பாவின் நினைவு நாள். இந்த முறை அம்மாவையும் கூட்டிப்போகிறேன். நம்பரை அவளே சொல்லட்டும்.