மூடாத மதகு

ஆலங்குடிப் பக்கம், முந்திரிக் காடுகள் சூழ்ந்த சிற்றூர் எங்களுடையது. 1978ஆம் ஆண்டுக் கோடையில், சுள்ளி பொறுக்கச் சென்ற என் அக்காவைச் செந்தேள் கொட்டியது. அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு ஆறு. அப்பா முதலில் அவளை மந்திரிப்பவரிடம்தான் தூக்கிச் சென்றார். வேப்பிலை அடித்து, திருநீறு பூசி அனுப்பினார்கள். இரவு ஏற ஏற அவள் உடல் வியர்வையில் நனைந்தது, கைகால்கள் சில்லிட்டன, மூச்சு இரைத்து வாயில் நுரை தள்ளியது. மாட்டுவண்டி மருத்துவமனையை அடைந்தபோது கிழக்கு வெளுக்கவில்லை. அவள் அந்த விடியலைக் காணவில்லை.

"நேரா ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருந்தா..." என்று தொடங்கும் வாக்கியத்தை அம்மா ஒருநாளும் முடித்ததில்லை. அப்பா ஒருநாளும் மறுமொழி சொன்னதில்லை.

2003ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசை ராடெரிக் மெக்கின்னன், பீட்டர் ஏக்ருடன் பகிர்ந்துகொண்டார். மெக்கின்னன் முதலில் மருத்துவர். பிறகே ஆராய்ச்சிக்கு வந்தவர். நம் செல்களைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வை அயனிகள் தாமாகக் கடக்க முடியாது. சவ்வில் பதிந்துள்ள சில புரதங்களே அவற்றுக்கு வாய்க்கால். அவ்வாய்க்கால்களுள் ஒன்றன் வடிவத்தை, 1998இல் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் வாய்க்காலைக் கொண்டு அவர் அணுவணுவாகக் காட்டினார். நொடிக்குக் கோடிக்கணக்கில் பொட்டாசியம் அயனிகளை விடும் அது, அவற்றினும் சிறிய சோடியத்தைத் தடுத்துவிடுகிறது. அந்தத் துளை புரதத்தின் எப்பகுதியில் உள்ளது என்று முன்னதாக அவர் தேடியபோது கருவியாகப் பயன்படுத்தியது ஒரு தேளின் நஞ்சு என்று படித்ததும், புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

பல நாள் கழித்தே மீண்டும் திறந்தேன். நம் மாவட்டத்துக் கண்மாய்களை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நரம்பின் சோடியம் வாய்க்கால், பலகை வைத்த மதகு போன்றது. திறக்கும், ஆயிரத்தில் ஓரிரு பங்கு நொடிக்குள் அடைபட்டுவிடும். செந்தேளின் நஞ்சு அந்தப் பலகை இறங்காமல் முட்டுக்கொடுக்கிறது. நரம்புகள் ஓயாது துடிக்கின்றன. அட்ரினலின் போன்றவை வெள்ளமாகப் பெருகி, குருதிக்குழாய்கள் இறுகி, இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. அன்றிரவு நான் பார்த்த வியர்வை, குளிர்ச்சி, நுரை ஒவ்வொன்றுக்கும் அங்கே காரணம் இருந்தது. அந்தத் தேளின் அறிவியற் பெயரில் 'தமுலஸ்' என்ற சொல் நம் மொழியின் பெயரைத் தாங்கி நிற்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

மராட்டியத்தின் மகாட் பகுதியில் பணிபுரிந்த கிராமப்புற மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், 1980களில் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். இரத்தக் கொதிப்புக்குத் தரும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரை அது. அதுவும் செல்சவ்வில் உள்ள இன்னொரு புரதத்தைத்தான் பற்றுகிறது. அட்ரினலினின் வெள்ளம் குருதிக்குழாய்களை இறுக்காமல் காக்கிறது. நஞ்சு கடுமையாக ஏறியவர்களில் ஏறத்தாழ மூவருக்கு ஒருவர் என்றிருந்த இறப்பு, நூற்றுக்கு ஓரிருவராகக் குறைந்தது.

2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோதுதான் இந்த ஆண்டுக்கணக்கு என் மனத்தில் உறைத்தது. அக்கா போனது 1978. அந்த மருந்து தேள்கடிக்கு வந்தது அதற்குப் பின். அடுத்த வாரமே ஊருக்குச் சென்று அம்மாவிடம் சொன்னேன். "நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று உறுதியில்லை அம்மா. அன்றைக்கு அங்கே சரியான மருந்தே கிடையாது."

அம்மா திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் முந்திரிக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கின்னனைப் படித்த ஆண்டில் அப்பா உயிரோடு இருந்தார். புத்தகத்தை மூடாமல் இன்னும் கொஞ்சம் தேடியிருந்தால் பவாஸ்கரின் கட்டுரைகள் அன்றே கிடைத்திருக்கும். அதை நான் சொல்லவில்லை.

"இத உங்கப்பா இருக்கயிலயே சொல்லியிருக்கலாமேடா" என்றார் அம்மா.