மே போங்கோ... ஸ்பானிஷில் சட்டை போட்டுக்கொள்வது எப்படி?

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கும் எல்லோருக்கும் ஆரம்பத்திலேயே வந்துவிடும் பாடம் 'லா ரோப்பா', அதாவது துணிமணி. பார்த்தால் ரொம்ப சுலபம். கமீசா என்றால் சட்டை. பாந்தலோன் என்றால் பேன்ட். ஃபால்தா என்றால் பாவாடை. கல்செத்தீன் என்றால் சாக்ஸ். பஸ்ஸில் போகும்போதே முப்பது வார்த்தை மனப்பாடம் ஆகிவிடும். சிக்கல் அதற்கப்புறம்தான்!

தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்து, பி.காம் படித்துக்கொண்டே மாலையில் ஸ்பானிஷ் வகுப்புக்குப் போகிற ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் ஒரு ஆங்கில வாக்கியம். 'நான் என் சட்டையைப் போட்டுக்கொள்கிறேன்' என்று அர்த்தம். அதை ஸ்பானிஷில் எழுத வேண்டும். அவள் வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்து 'போங்கோ மி கமீசா' என்று எழுதுகிறாள். விடைத்தாளில் சிவப்பு மை! ஏனென்றால் அவள் எழுதியதற்கு 'என் சட்டையை வைக்கிறேன்' என்று அர்த்தம். எங்கே வைக்கிறாள்? கட்டிலிலா, பெட்டியிலா? சரியான விடை 'மே போங்கோ லா கமீசா'.

"இங்கிலீஷே நமக்குத் தகராறு, இதில் ஸ்பானிஷ் வேறா?" என்று அவள் நோட்டை மூடிவிடுகிறாள். இப்படி மூடியவர்கள் எத்தனை பேரோ!

ஆனால் அவளைத் தடுக்கிவிட்டது தமிழ் அல்ல. ஆங்கிலம் வழியாகப் போனதால்தான் தப்பானது. வீட்டில் அம்மா காலையில் என்ன சொல்வார்? "சட்டையைப் போட்டுக்கோ. தலையை வாரிக்கோ. கையைக் கழுவிக்கோ." 'உன் சட்டையை, உன் தலையை, உன் கையை' என்றா சொல்கிறார்? யாருடையது என்பதை அந்தக் 'கொள்' பார்த்துக்கொள்கிறது. ஸ்பானிஷில் அதே வேலையைச் செய்வதுதான் அந்த 'மே'. நான் என்றால் மே, நீ என்றால் தே, அவன் அவள் என்றால் சே. அதனால்தான் 'என்' என்பதற்கு இடமில்லாமல், 'மி' போய் 'லா' வந்தது.

குழந்தைக்கு அம்மா சட்டை போட்டுவிடுகிறாள் என்றால்? தமிழில் 'கொள்' போய் 'விடு' வருகிறது. ஸ்பானிஷில் 'சே' போய் 'லே' வருகிறது: லே போனே லா கமீசா. போட்டுக்கொள்வது வேறு, போட்டிருப்பது வேறு என்ற வித்தியாசமும் அங்கே உண்டு. போட்டுக்கொள்ள போனேர்சே, போட்டிருக்க யெவார்.

எல்லா இடத்திலும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கழற்றுவதற்குத் தமிழில் 'கொள்' தேவையில்லை; ஸ்பானிஷில் கித்தார்சே என்று அங்கும் 'சே' ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆண்பால், பெண்பால் தொல்லை. சட்டை பெண்பால், அதனால் வெள்ளைச் சட்டை கமீசா பிளாங்கா. பேன்ட் ஆண்பால், அது பாந்தலோன் பிளாங்கோ. இதற்கு மனப்பாடம்தான் வழி. நாடு மாறினால் வார்த்தையும் மாறும். ஸ்பெயினில் சாக்கேத்தா என்கிற ஜாக்கெட், மெக்சிகோவில் சமார்ரா, அர்ஜென்டினாவில் கம்பேரா, பெருவில் கசாக்கா.

வார்த்தைகளிலும் நமக்குப் பழைய சொந்தம் இருக்கிறது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கிய பிறகு, போர்ச்சுகீசியரோடு அவர்கள் வார்த்தைகளும் கரை இறங்கின. போர்ச்சுகீசு ஸ்பானிஷுக்கு உடன்பிறப்பு மாதிரி. அதனால்தான் ஸ்பானிஷின் அர்மாரியோ நமக்கு அலமாரி, போத்தோன் நமக்குப் பொத்தான், சபாத்தோ நமக்குச் சப்பாத்து. இலங்கைத் தமிழர்கள் இன்றும் ஷூவைச் சப்பாத்து என்றுதான் சொல்கிறார்கள். அலமாரியைத் திறந்து, பொத்தான் போட்டு, சப்பாத்து மாட்டிக்கொண்டு கிளம்பினால் பாதி ஸ்பானிஷ் பேசியாயிற்று!

அந்த மாணவி மூடிவைத்த நோட்டைத் திரும்பத் திறக்கலாம். ஆங்கிலம் சரளமாக வந்த பிறகுதான் மூன்றாவது மொழி என்று யார் சொன்னது? நாளைக் காலை சட்டை போடும்போது "போட்டுக்கொள்கிறேன்" என்று ஒருமுறை தமிழில் சொல்லிவிட்டு, பிறகு "மே போங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.