ஏற்றப்பாட்டும் என் காலைநடையும்

ஆய்வேட்டின் பொருட்டு நாள்முழுதும் அமர்ந்தே இருந்ததால் முதுகுவலி வந்தது. மருத்துவர் நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்கச் சொன்னார். வலியைவிடச் சலிப்பே பெரிய இடையூறாயிற்று. சித்தூர் வட்டத்தின் தென்னந்தோப்புகளினூடே பாட்டுக் கேட்டு நடந்தும், ஐந்தாம் நிமிடத்திலேயே கடிகாரத்தைப் பார்ப்பேன்.

பயிற்சிக்கால இசையை நெடுநாள் ஆராய்ந்துவரும் புரூனெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் காஸ்டாஸ் கராஜியார்கிஸ், நிமிடத்திற்கு 120 முதல் 140 துடிப்புள்ள இசையைப் பொதுவாகப் பரிந்துரைக்கிறார். மிதமான உழைப்பில் இசை களைப்புணர்வைத் தணிக்கும். கடும் உழைப்பில் அந்த ஆற்றல் குறையும். நானும் 120 துடிப்புப் பாடல்களைத் தேர்ந்தேன். நடை சீரானது, சலிப்பு நீங்கவில்லை.

விடையை ஏற்றப்பாட்டில் கண்டேன். நீர் இறைத்தோர் சால்களின் எண்ணிக்கையையே பாட்டில் வைத்துப் பாடினர். தாளம் கையை நடத்தியது. எண் வேலையின் அளவைக் காட்டியது. சொல் மனத்தை வேறிடம் கொண்டுசென்றது. சிலப்பதிகாரத்து வள்ளைப்பாட்டும் உலக்கையோடு எழுந்ததே. இவற்றைப் பாடியவர் உழைத்தவரே. கேட்பவராக மட்டும் அவர் நிற்கவில்லை.

இப்போது நானும் வாய்க்குள் பாடியபடி, பாட்டுகளை எண்ணி நடக்கிறேன். ஏழு பாட்டு முடிந்தால் ஏறக்குறைய அரைமணி. கடிகாரம் தேவைப்படுவதில்லை.

பம்புசெட்டு வந்தது, ஏற்றம் நின்றது, பாட்டுக்கு வேலையில்லாமற் போயிற்று. கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ மூணாற்றிலோ வேலைப்பாட்டு அறிந்த முதியோர் உங்கள் வீட்டில் இருப்பின், நண்பர்களே, அவர்கள் குரலை இவ்விடுமுறையிலேயே பதிவுசெய்யுங்கள். சொற்களோடு, அவர்கள் கையசைவையும் சேர்த்துப் பதியுங்கள்.