சத்தம் போடாத நிலுவைகள்

மார்ச் பிறந்தாலே மும்பையில இருக்கற எங்கள மாதிரி வங்கிக் குடும்பங்களுக்கு ஒரு ஜுரம் வந்துடும். 31ஆம் தேதிக்குள்ள வருஷக் கணக்கு முடிக்கணும். பொண்ணுக்கு ப்ளஸ் டூ சிபிஎஸ்இ பரீட்சை. டோம்பிவிலியிலிருந்து சிஎஸ்எம்டிக்கு ஃபாஸ்ட் லோக்கல்லயே ஒரு மணி நேரத்துக்கு மேல, திரும்பி வர அதே. லேடீஸ் பெட்டியில பீன்ஸ் நறுக்கிக்கிட்டே வர்றவங்கள ஒரு காலத்துல ஆச்சரியமா பார்ப்பேன். இப்ப என் பையிலயும் ஒரு சின்ன கத்தி இருக்கு :-)

நேரத்தை நிர்வாகம் பண்றது எப்படின்னு சொல்ற புத்தகமெல்லாம் காலையில நாலரைக்கு எழுந்திருன்னு சொல்லும். எழுந்திருக்காட்டி மூணு டப்பா எப்படிங்க தயாராகும்? எனக்கு உதவினது என் தொழில்தான்.

வங்கியில ஒரு கடன் ஒரே நாள்ல வாராக்கடன் ஆகறதில்ல. தவணை 90 நாளுக்கு மேல நின்னாதான் அந்தப் பேரு. அதுக்கு முன்னாடியே 30 நாள், 60 நாள், 90 நாள்னு மூணு எச்சரிக்கைப் பட்டியல் உண்டு. கவுண்டர்ல வந்து சத்தம் போடறவரோட கணக்கு பெரும்பாலும் நல்லாவே இருக்கும். சத்தமில்லாம கிடக்கறதுதான் 90ஐத் தாண்டும்.

வீட்டுலயும் அதே கதை. கேஸ் சிலிண்டர் சத்தம் போடும், ஸ்கூல் வாட்ஸப் குரூப் சத்தம் போடும், மண்டல அலுவலகத்தைக் கேட்கவே வேண்டாம். பாளையங்கோட்டையில இருக்கற அம்மா சத்தம் போட மாட்டாங்க. கண்புரை ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்னத ஜனவரியில போன்ல சொல்லிட்டு, "உனக்கு மார்ச் முடியட்டும்ட்டி, எனக்கென்ன அவசரம்"னு வச்சுட்டாங்க.

அதனால ஒரு நோட்டு போட்டேன். நிலுவைப் பட்டியல். ஒவ்வொண்ணுக்கும் நேரா அது முதல்ல தலைகாட்டின தேதி. ஞாயித்துக்கிழமை காபியோட பத்து நிமிஷம் பார்க்கறது. 30 நாள் தாண்டினா, செய்ய ஒரு நாள் குறிக்கணும். 60 தாண்டினா மத்ததை ஒதுக்கிட்டு அதைச் செய்யணும். செய்யவே போறதில்லைன்னு தெரிஞ்சா அடிச்சுடணும், எங்க பாஷையில ரைட் ஆஃப். தையல் கிளாஸ், பழைய போட்டோ ஆல்பம் எல்லாம் அடிச்சாச்சு. மனசு எவ்வளவு லேசாச்சு தெரியுமா!

பிப்ரவரியில அம்மாவோட கண் 30 நாளைத் தாண்டிடுச்சு. ரயில் டிக்கெட் 60 நாள் முன்னாடிதான் எடுக்க முடியும். மார்ச் முடியட்டும்னு இருந்தா வெயிட்டிங் லிஸ்ட்தான். பரீட்சை முடியற தேதியப் பார்த்து ஏப்ரல் மூணாவது வாரத்துக்குப் போட்டாச்சு. லீவு லெட்டரும் மார்ச்சுக்கு முன்னாடியே மேலதிகாரி மேஜைக்குப் போயாச்சு.

வேலை ஒண்ணும் குறையல. இன்னிக்கும் அதே கூட்டம், அதே ஓட்டம். ஆனா எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாதுன்னு தெரியுது. தேதி சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சரிட்டி, வெயில் நல்லா அடிக்கு, பிள்ளைக்கு கூழ்வத்தல் போட்டு வைக்கேன்"னாங்க.

உங்க வீட்டுலயும் ஏதோ ஒண்ணு சத்தம் போடாம 60 நாளை நெருங்கிக்கிட்டு இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை தேதி போட்டுப் பாருங்க.