உம்மாவின் கீதமும் மகளின் நஷீதும்

பெண்களுக்கான மார்க்க வகுப்பில் ஒவ்வொரு ரமழானிலும் தவறாமல் என்னிடம் வந்து சேரும் கேள்வி ஒன்று உண்டு. கேட்பவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய ஒரு தாயாக இருப்பார். "ஹஸரத், எங்கட காலத்துப் பாட்டுல ஒரு ஈமான் இருந்திச்சி. இப்பத்தப் புள்ளைகள் காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கிறது ஒன்டும் வெளங்குதில்ல. இதெல்லாம் கூடுமா?"

கேள்வியின் கடைசிச் சொல்லில்தான் மார்க்கம் இருக்கிறது. அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் மனத்தாங்கல். இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பதில் சொல்வது எளிது. அந்தத் தாயும் சந்தோஷப்பட்டுக் கொண்டு போவார். ஆனால் வீட்டில் இருக்கும் மகளுக்கு அது நீதியாகாது.

முதலில் மார்க்கத்தை எடுத்துக் கொள்வோம். நரம்புக் கருவிகளும் குழற் கருவிகளும் கூடாது, தஃப் எனும் பறைக்குக் கல்யாணத்திலும் பெருநாளிலும் அனுமதி உண்டு என்பது ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான தீர்ப்பு. பெரும்பான்மை உலமாக்களின் நிலைப்பாடும் கருவிகள் விஷயத்தில் இதற்கு அருகிலேயே நிற்கிறது. இப்னு ஹஸ்ம் போன்றோர் மாற்றுக் கருத்துச் சொன்னார்கள். இமாம் கஸ்ஸாலி அவர்கள் தமது இஹ்யாவில் 'ஸமாஉ' எனும் செவிமடுத்தலுக்கென்றே தனிப் பகுதி எழுதியிருக்கிறார்கள். நான் ஓதியதும் ஓதிக் கொடுப்பதும் பெரும்பான்மைக் கருத்தையே.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நமது பழைய ஒலிநாடாக்களின் பக்கம் போவோம். 2015 ஏப்ரலில் காலமான நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் கணீரென்ற குரலைக் கேட்டு வளராத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. அந்தக் குரலோடு ஆர்மோனியமும் தபேலாவும் சேர்ந்தே வந்தன. அக்காலத்து இஸ்லாமிய கீதங்கள் பலவற்றின் மெட்டுக்கள் சினிமாவிலிருந்து எடுக்கப்பட்டவை. இதைக் கண்டித்துக் குத்பாவில் பேசிய ஆலிம்களும் அன்று இருந்தார்கள்.

மகள் கேட்கும் நஷீதோ பல வேளைகளில் வெறும் மனிதக் குரல். மாஹிர் ஸெய்ன் என்ற பாடகரின் முதல் தொகுப்பு 2009இல் வந்தபோது, கருவிகளோடு ஒன்றும் தாள ஒலியும் குரலும் மட்டும் கொண்டதாக இன்னொன்றும் வெளியிட்டார்கள். கருவி கூடாது என்று கருதுவோரும் கேட்கவேண்டும் என்பதுதான் நோக்கம். ஆக, உம்மா கொண்டுவந்த அதே பிக்ஹுத் தராசில் வைத்தால் சில சமயம் மகளின் தட்டுத்தான் இறங்குகிறது. இதை நான் வகுப்பில் சொன்னபோது முன்வரிசையில் சிரிப்பும் பின்வரிசையில் முணுமுணுப்பும் எழுந்தன. (பின்வரிசையில்தான் மாமிமார் இருந்தார்கள்.)

அப்படியானால் 'எங்கட காலத்துப் பாட்டு' ஏன் இவ்வளவு இனிக்கிறது?

ஹோல்புரூக், ஷின்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல வயதினருக்கும் பல காலத்துப் பாடல்களைப் போட்டுக் காட்டி விருப்பத்தைக் கேட்டதில், தமக்குச் சுமார் 24 வயதாக இருந்தபோது வெளிவந்த பாடல்களையே மக்கள் மிகவும் விரும்பினார்கள். அதன்பின் வந்த ஆய்வுகள் சில, பதின்ம வயதையே சொல்கின்றன. எதுவாயினும், நாம் 'நல்ல பாட்டு' என்று சொல்வதில் பாதி, நமது இளமையைத்தான்.

எனக்கும் இதிலிருந்து விலக்கில்லை. நான் சிறுவனாக இருந்த காலத்தில் மின்சாரம் வந்தால் வரும், போனால் போகும். ரேடியோவின் பெட்டரிகள் தளர்ந்துவிட்டால் உம்மா அவற்றைப் பகலில் கூரை ஓட்டின் மேல் வெயிலில் வைப்பார். ஸஹர் நேரத்தில் இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சி கேட்க அந்தச் சூடு போதும். கெஸட்டில் நாடா சிக்கினால் பென்சிலைச் செருகிச் சுற்றுவது என் வேலை. இன்றைக்கு எங்காவது ஒரு பழைய கீதம் காற்றில் வந்தால் என் மனம் அதன் சொற்களுக்குப் போவதில்லை. தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசத்துக்கும், அடுப்படியில் குனிந்திருக்கும் உம்மாவின் முக்காட்டுக்கும் போகிறது. அந்த ஏக்கம் உண்மையானது. ஆனால் அது பாட்டின் தரத்துக்கு ஆதாரமாகாது. மகளின் ரசனைக்கு எதிரான பத்வாவாக நிச்சயம் ஆகாது.

ஏக்கத்தை மார்க்கம் குறை சொல்லவில்லை. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த புதிதில் அபூபக்ர் (ரழி) அவர்களும் பிலால் (ரழி) அவர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். காய்ச்சல் தணியும் வேளைகளில் பிலால் (ரழி) குரலுயர்த்தி, மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு வளரும் புல்லையும் மலைகளையும் மீண்டும் காண்பேனா என்று கவி பாடினார்கள். எந்த மக்கா? சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றிய அதே மக்கா! ஆயிஷா (ரழி) அவர்கள் இதைச் சொன்னபோது நபி (ஸல்) அவர்கள், மக்காவைப் போல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவையும் எங்களுக்குப் பிரியமாக்குவாயாக என்று அல்லாஹ்விடம் துஆக் கேட்டார்கள். பழையதை மறக்கச் சொல்லவில்லை. புதிய இடத்தின் மீதும் அன்பு வரவேண்டுமென்றே கேட்டார்கள்.

புகாரியில் வரும் இன்னொரு சம்பவமும் எனக்குப் பிடித்தமானது. பெண்ணொருவரை ஓர் அன்ஸாரிக்கு மணமுடித்து அனுப்பியபோது, அன்ஸாரிகள் விளையாட்டும் பாட்டும் விரும்பும் மக்களாயிற்றே, உங்களிடம் அப்படியொன்றும் இருக்கவில்லையா என்று நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களிடம் விசாரித்தார்கள். தாம் பிறந்தது மக்காவில்; ஆனாலும் மதீனத்து மக்களின் ரசனை என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்மில் எத்தனை பேருக்கு நமது மகளின் ரசனை தெரியும்?

சில வருடங்களுக்கு முன் மீலாத் போட்டியொன்றில் இஸ்லாமிய கீதத்துக்கு மூன்று நடுவர்களில் ஒருவனாக உட்கார்ந்தேன். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், மற்றவர் இளம் ஆசிரியை. ஒரு பையன் பழைய கீதமொன்றைக் கம்பீரமாகப் பாடினான். பெரியவரின் கண் கலங்கிவிட்டது. அடுத்து ஒரு மாணவி, எட்டு வயதிருக்கும், அரபு நஷீத் ஒன்றை மெல்லிய குரலில் பாடினாள். இளம் ஆசிரியை தலையாட்டி ரசித்தார். புள்ளிகளைப் பார்த்தால் பெரியவர் பையனுக்குப் பத்தில் ஒன்பதும் பிள்ளைக்கு நான்கும் போட்டிருந்தார். ஆசிரியை அப்படியே தலைகீழாக.

நான் இருவரையும் கூப்பிட்டுப் பாடியதன் கருத்தைக் கேட்டேன். பையன் பாதிச் சொற்களுக்கு விழித்தான். மூத்தப்பாவிடம் கேட்டுப் பாடமாக்கியது என்றான். சிறுமி அரபு வரிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். "மாஷா அல்லாஹ்! மகளுக்குத் தமிழில என்ன பாட்டுத் தெரியும்?" என்றேன். யோசித்துவிட்டு, "ஒன்டுமில்ல சேர்" என்றாள். தாலாட்டுக்கூடத் தெரியாது. நான் இருவருக்கும் ஏழு போட்டேன். இருவருக்கும் இருபது வர, மூன்று பேரிடமும் ஏழேழு வாங்கிய மூன்றாவது பிள்ளை இருபத்தொன்றோடு கிண்ணத்தைக் கொண்டு போனாள்!

அந்த 'ஒன்டுமில்ல' தான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. தாய்மார்கள் கவலைப்பட வேண்டியது மகள் புதியதைக் கேட்கிறாள் என்பதற்கல்ல, பழையது அவள் கைக்குப் போய்ச் சேரவில்லையே என்பதற்கு. பள்ளிக்கூடம் அனுப்பப்படாத நமது மூத்தம்மாமார் தீனைப் படித்தது பெரும்பாலும் ஓசையில். நூறு மசலாவும் பெண்புத்தி மாலையும் சீறாப்புராணமும் வாசிக்கக் கேட்டே அவர்கள் மனதில் பதிந்தன. நபிமார்களின் சரிதை தாலாட்டில் வந்தது. கிழக்கில் கல்யாண வீட்டுக் குரவையும், பெருநாளில் ஊஞ்சல் கட்டி ஆடும்போது பாடும் பாட்டும் பெண்களுக்கே உரியவை. அவற்றுள் மார்க்கத்துக்கு ஒவ்வாத வரிகள் சில உண்டுதான். கல்யாணமொன்றில் தஃப் அடித்துப் பாடிய சிறுமியர், நாளை நடப்பதை அறியும் நபி எம்மிடையே இருக்கிறார் என்று பாடியபோது, அந்த வார்த்தையை விட்டுவிட்டு முன்பு பாடியதையே பாடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். ஒரு வரியைத்தான் நிறுத்தினார்கள், பாட்டை அல்ல. நாம் கடந்த முப்பது நாற்பது வருடங்களில் பல ஊர்களில் வரியோடு சேர்த்துப் பாட்டையும் பாடிய வாயையும் மூடிவிட்டோம்.

என் உம்மாவும் அப்படி மௌனமானவர்களில் ஒருவர். பேரப்பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டும்போது வெறும் 'ம்ம்' என்ற இழுப்பு மட்டும் வரும். யாரோ கூடாது என்று சொன்னார்களாம். தாலாட்டுக்கு என்ன தடை என்று நான் எத்தனை தரம் சொல்லியும் வாய் திறக்கவில்லை. சென்ற நோன்பில் என் மூத்த மகள், தான் கேட்கும் நஷீத் ஒன்றைப் போனில் போட்டு உம்மும்மாவின் காதருகே பிடித்தாள். சற்று நேரம் கேட்டுவிட்டு, "குரல் நல்லம். இழுவ காணாது" என்றார் உம்மா. "அப்ப நீங்க இழுத்துக் காட்டுங்களன்" என்றாள் மகள்.

அன்றிலிருந்து இஷாவுக்குப் பிறகு இருவரும் போனும் கையுமாக இருக்கிறார்கள். பதினொரு தாலாட்டுக்கள் பதிவாகிவிட்டன. பன்னிரண்டாவதில் நடுவே இரண்டு அடி உம்மாவுக்கு நினைவில்லை. பின்வளவு ராத்தாவுக்குத் தெரிந்திருக்கும் என்று மகள் எழும்பிப் போயிருக்கிறாள்.