வெள்ளி மாலையும் பொப் இசையும்

உழைப்புக்கு நேரசூசி வகுத்துத் தரும் உலகம், ஓய்வுக்கு ஒரு நாழிகையும் ஒதுக்கித் தருவதில்லை. அதனை நாமே தேடிக்கொள்ள வேண்டும். பாடசாலை மணி அடித்ததும் ஆசிரியரின் வேலை முடிந்துவிடுகிறது என்று எண்ணுவோர் பலர். மணி அடித்த பின்னர்தான் விடைத்தாட் கட்டு அவிழ்கிறது என்பதை ஆசிரியர் வீட்டார் அறிவர். ஐந்து நாட்கள் பிறர் பிழைகளைத் திருத்திய கண்களும், பேசிக் களைத்த தொண்டையும் வெள்ளி மாலையில் எதை நாடும்? நம்மைக் கேட்டால், பழைய பொப் இசைப் பாடல்களையே என்போம்.

கிரானில் உள்ள நம் இல்லத்தில், வெள்ளிக்கிழமை விளக்கேற்றித் தேவாரம் ஓதிய பின்னரே மற்றப் பாட்டெல்லாம். அதன்பின் முற்றத்தில் சாய்மனைக் கதிரையை விரித்து, நித்தி கனகரத்தினத்தையோ ஏ. ஈ. மனோகரனையோ கைத்தொலைபேசியில் பாடவிடுவோம். அன்னையார் ஒருநாள், “ஏன் மகன், வெள்ளிக்கிழமை நாளில கள்ளுக்கடைப் பாட்டோ?” என்றார்கள். “அங்க போக வேண்டாமெண்டுதானே அம்மா பாடுறார்!” என்றோம். அன்னையார் சிரித்துவிட்டார்கள். அறிவுரையைச் சிரிப்பில் குழைத்துத் தருவது எளிய கலையன்று.

இப்பாடல்கள் எழுந்த காலத்தை நினைத்துப் பார்த்தல் வேண்டும். தென்னிந்தியத் திரைப்பாடல்கள் இலங்கை வானொலியை நிறைத்திருந்த காலம் அது. அவற்றின் இனிமையை யார் மறுப்பர்? ஆயினும் நம் ஊர்ப் பேச்சும், நம் மாமியும், நம் கள்ளுக்கடையும் அவற்றில் இல்லை. ‘சின்ன மாமியே’ போன்ற பாடல்கள் அந்தக் குறையைத் தீர்த்தன. நம் வீட்டுத் திண்ணைப் பேச்சே தாளம் போட்டு வந்தது போலிருந்தது.

அந்தத் தாளமும் நமக்கு அந்நியமன்று. பைலா எனும் துள்ளல் இசையின் வேர், போர்த்துக்கேயரோடும் அவர்களோடு வந்த ஆபிரிக்க மக்களோடும் இந்நாட்டில் ஊன்றியது. 1628ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கிய கோட்டை மட்டக்களப்பு வாவிக் கரையில் இன்றும் நிற்கிறது. கோட்டையைக் கட்டியவர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய ஆட்டமும் பாட்டும் மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுத் திருமணங்களில் தங்கிவிட்டன. பீரங்கியினும் வயலினுக்கு ஆயுள் அதிகம் போலும்!

மனோகரன் புகழ்பெறச் செய்த ‘சுராங்கனி’யோ சிங்களத்தையும் தமிழையும் ஒரே பாட்டில் கைகோக்க வைத்தது. கடல் கடந்து சென்று, 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற தமிழ்ப் படத்திலும் இடம்பெற்றது. 2018இல் அவர் சென்னையில் மறைந்தார். அப்பாட்டுக்கு இரண்டு மொழியினரும் ஆடிய இதே நாட்டில்தான், 1983 முதல் 2009 வரை போர் நடந்தது.

அப்போர்க்காலத்தில் வளர்ந்தவர் நாம். மின்சாரமில்லாத நம் வீட்டில், வலுவிழந்த பற்றரிகளைத் தந்தையார் வெயிலில் காயவைத்து வானொலிக்குப் போடுவார். செய்தி கேட்பதற்கென்றே காத்துவைத்த பற்றரி அது. செய்தி முடிந்ததும் அவர் வானொலியை உடனே நிறுத்திவிடுவதில்லை. ஒரே ஒரு பாட்டுக்கு இடம் தருவார். அச்செய்திகளுள் ஒன்றேனும் இன்று நம் நினைவில் இல்லை. பாட்டுகள் இருக்கின்றன. ஓய்வு என்பது வேலை போக எஞ்சிய மிச்சமன்று, இல்லாமையிலும் எடுத்துவைக்க வேண்டிய பங்கு என்பதை அவர் சொல்லாமற் சொல்லித் தந்தார்.

கற்றவர் கேட்கத்தக்க இசையோ இது என்று வினவும் அன்பர்கள் உண்டு. வடமோடியும் தென்மோடியும் விடியவிடிய ஆடிய மண் இது. நாலுபேர் கூடிச் சிரித்து மகிழும் பாட்டை இழிவென்று ஒதுக்குவது நம் வழக்கமன்று.

மாணவச் செல்வங்களே! பரீட்சைக்குப் படியுங்கள், நன்றாகவே படியுங்கள். வார இறுதியில் ஒரு மணி நேரம் புத்தகத்தை மூடிவைத்து, உங்கள் பாட்டனாரிடம் அவர் இளமையில் விரும்பிய பாட்டு எதுவென்று கேளுங்கள். அவர் அதைப் பாடிக் காட்டக்கூடும். அந்த ஒரு மணி நேரத்தில் உங்களுக்கும் ஓய்வு, அவருக்கும் இளமை.